ஸ்டீலா, ஹஸ்க்வர்னாவா, பெயரே இல்லாததா? செயின் ஷாவின் வரலாறும் எங்கள் மாமாவின் கணக்கும்



போன தடவை இரட்டைப் பதிவுக் கணக்கு முறையின் வரலாறு என்று எழுதி உங்களில் பாதிப் பேரைத் தூங்க வைத்தேன். அதற்குப் பரிகாரமாக இந்தத் தடவை யாரையும் தூங்கவே விடாத ஒரு பொருளைப் பற்றி எழுதுகிறேன். மரம் அறுக்கும் மெஷின். அதாவது செயின் ஷா.

பி.காம். படிக்கிற பையனுக்கு மரம் அறுக்கிற மெஷினில் என்ன வேலை என்று கேட்பீர்கள். எங்கள் மாமா வடலூரைச் சுற்றியுள்ள கிராமங்களில் வாடகைக்கு மரம் அறுத்துக் கொடுக்கிறவர். பழைய மெஷின் போய்விட்டது. எப்படிப் போனது என்பதைக் கடைசியில் சொல்கிறேன், அது சிரிக்கிற விஷயம் இல்லை. போன மாதம் வீட்டுக்கு வந்தவர், "கணக்குதானே படிக்கிற? எந்த மெஷின் வாங்கலாம்னு பார்த்துச் சொல்லுடா" என்று சொல்லிவிட்டுப் போனார். நானும் விலைப்பட்டியலில்தான் ஆரம்பித்தேன். ஆனால் எதையும் அடியிலிருந்து தெரிந்துகொள்ளாவிட்டால் எனக்குத் திருப்தி வராது. பின்னால் போய்க்கொண்டே இருந்தேன். கடைசியில் ஸ்காட்லாந்தில் ஒரு பிரசவ அறையில் போய் நின்றேன். நம்ப முடியவில்லையா? வாருங்கள்.

முதலில் எங்கள் ஊர்: தானே

அந்த மெஷினின் சத்தத்தை நான் முதன்முதலில் எப்போது கேட்டேன் என்று தேதியோடு சொல்ல முடியும். 2011 டிசம்பர் 30ஆம் தேதி விடிகாலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. காற்றின் வேகம் மணிக்கு 140 கிலோமீட்டர் வரை போனது. எனக்கு அப்போது எட்டு வயது. கதவை அப்பாவும் சித்தப்பாவும் உள்ளேயிருந்து முதுகால் முட்டுக் கொடுத்து நின்றது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

விடிந்து பார்த்தால் ஊரே வெளிச்சமாக இருந்தது. மரங்கள் இல்லாததால் வந்த வெளிச்சம் அது. எங்கள் தாத்தாவின் முந்திரிக் கொல்லையில் நின்றுகொண்டிருந்த மரங்களை விரல் விட்டு எண்ணலாம். பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி, நெய்வேலி என்று எங்கே போனாலும் இதே கதைதான். முந்திரியும் பலாவும் வேரோடு பெயர்ந்து கிடந்தன. பல கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. முந்திரி மரம் நட்டு முழுதாய்ப் பலன் தர ஏழெட்டு வருடமாவது ஆகும், பலாவுக்கு அதற்கும் மேல். தாத்தா கொல்லை வரப்பில் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசவில்லை.

இரண்டு மூன்று நாள் கழித்து அந்தச் சத்தம் வந்தது. வெளியூரிலிருந்து வந்த ஆட்கள் தோளில் சிவப்பு மெஷினோடு இறங்கினார்கள். அதுவரை எங்கள் பக்கம் மரம் வெட்டுவது என்றால் கோடாலி, அரிவாள், இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து இழுக்கும் பெரிய ரம்பம். அதில் ஒரு நாள் முழுக்க ஆகும் மரத்தை மெஷின்காரர்கள் அரை மணியில் துண்டு போட்டார்கள். ஆனால் ஒரு கணக்கு இடித்தது. விழுந்த மரங்கள் ஏராளம், விறகு விலை தரைமட்டம். சில மரங்களுக்கு அறுப்புக்கூலி கொடுத்து ஏற்றி அனுப்பினால் கையில் ஒன்றும் நிற்கவில்லை. அன்றைக்கு அந்தக் கூட்டத்தில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த எங்கள் மாமாவுக்கு ஒன்று புரிந்தது. விழுந்த மரத்தில் மரத்துக்காரனுக்குக் காசு இல்லை, மெஷின்காரனுக்குத்தான் காசு. சில வருடம் கழித்து அவரும் மெஷின் வாங்கினார்.

பிரசவ அறையில் பிறந்த ரம்பம்

செயின் ஷாவின் மூதாதை காட்டில் பிறக்கவில்லை. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஸ்காட்லாந்து மருத்துவர்களான ஜான் ஐட்கனும் ஜேம்ஸ் ஜெஃப்ரேயும் சங்கிலி வடிவில் ஒரு ரம்பத்தைப் பயன்படுத்தினார்கள். சைக்கிள் செயின் போல மடங்கும் கண்ணிகள், ஒரு பக்கம் பற்கள், இரண்டு நுனியிலும் கைப்பிடி. குழந்தை வெளியே வர வழியில்லாமல் சிக்கிக்கொள்ளும் பிரசவங்களில் தாயின் இடுப்பெலும்பு இணைப்பை அறுத்து வழி உண்டாக்கவும், நோய் பிடித்த எலும்பை அகற்றவும் அது உதவியது. சிசேரியன் என்றால் தாய்க்கு ஏறக்குறைய மரணம் என்றிருந்த காலம் அது. மயக்க மருந்தும் கிடையாது. நினைத்தாலே வயிறு கலங்குகிறது.

1830 வாக்கில் பெர்ன்ஹார்ட் ஹைன என்ற ஜெர்மானியர் இன்னொரு படி போனார். ஒரு தகட்டைச் சுற்றிப் பல் வைத்த சங்கிலி ஓட, கைப்பிடியைச் சுற்றினால் எலும்பு அறுபடும் கருவியைச் செய்தார். இப்போதைய செயின் ஷாவைப் பக்கத்தில் வைத்தால் தாத்தாவும் பேரனும் என்று யாரும் சொல்வார்கள். தகடு, சுற்றி ஓடும் சங்கிலி, சங்கிலியை இழுக்கும் பற்சக்கரம். மூன்றும் அதில் உண்டு. இன்ஜின் மட்டும்தான் பாக்கி.

இரண்டு ஜெர்மானியர்கள்

நம் ஊரில் "ஸ்டீல்" மெஷின் என்றால் இரும்பால் செய்த மெஷின் என்று நினைப்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். (எங்கள் மாமாவும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்தார்!) அது ஒரு மனிதரின் பெயர். ஆன்ட்ரியாஸ் ஸ்டீல், 1896இல் சூரிச்சில் பிறந்தவர். 1926இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் பகுதியில் கம்பெனி தொடங்கி, மின்சாரத்தில் ஓடும் செயின் ஷாவைச் செய்தார். இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டிய கனம். காட்டுக்குள் கரண்ட் ஏது? 1929இல் பெட்ரோலில் ஓடும் மெஷின் வந்தது. அதன் எடை 46 கிலோ. ஒரு மூட்டை நெல்லுக்குக் கொஞ்சம்தான் குறைவு!

அதே காலத்தில் எமில் லெர்ப் என்ற இன்னொரு ஜெர்மானியரும் பெட்ரோல் மெஷினில் இறங்கியிருந்தார். 1927இல் தன்னுடைய 58 கிலோ மெஷினை துரிங்கியா பகுதியில் டால்மார் என்ற மலையில் சோதித்துப் பார்த்தார். கம்பெனிக்கும் அந்த மலையின் பெயரையே வைத்தார். டால்மாரை 1991இல் ஜப்பானின் மகிட்டா வாங்கியது. கட்டட வேலைக்காரர்கள் கையில் பார்க்கும் ட்ரில்லிங் மெஷின் கம்பெனி இதுதான்.

ஒரே ஆள் தூக்கும் பெட்ரோல் மெஷினை ஸ்டீல் 1950இல் கொண்டுவந்தது. அப்போதும் 16 கிலோ. 1959இல் வந்த கான்ட்ரா மாடல்தான் திருப்புமுனை. கியர் இல்லாமல் இன்ஜினே நேராகச் சங்கிலியை இழுத்தது, எடை 12 கிலோவாக இறங்கியது. உலகில் அதிகம் விற்கும் செயின் ஷா 1971 முதல் தங்களுடையதுதான் என்று அந்தக் கம்பெனி சொல்லிக்கொள்கிறது.

ஒரு புழு கற்றுக்கொடுத்த பாடம்

இன்ஜின் எவ்வளவு நன்றாக இருந்தாலும் சங்கிலி சரியில்லை என்றால் வேலை நடக்காது. 1940கள் வரை செயின் ஷாவில் இருந்தவை கை ரம்பத்தில் இருக்கும் அதே குத்துப் பற்கள்தான். சீக்கிரம் மழுங்கும், மரத்தூளில் சிக்கும், அரத்தை வைத்து ராவி ராவியே பாதி நாள் போகும்.

அமெரிக்காவின் ஆரெகன் மாநிலத்தில் ஜோசப் காக்ஸ் என்றொரு மரவெட்டி இருந்தார். 1946இல் ஒரு நாள் காட்டில் அடிக்கட்டை ஒன்றை வெட்டும்போது உள்ளே ஒரு வண்டின் புழுவைப் பார்த்தார். அது மரத்தின் நாரோட்டத்தோடும் குறுக்காகவும் ஒரே சுலபத்தில் குடைந்துகொண்டு போனது. அதன் தாடைகள் இடமும் வலமுமாக வளைந்திருந்தன. மரத்தைக் கிழிக்காமல் சீவிக்கொண்டு போனது. காக்ஸ் வீட்டுக்குப் போய் அதே போல இடம், வலம் என்று மாறி மாறி வளைந்த பற்கள் வைத்துச் சங்கிலி செய்தார். 1947இல் விற்பனைக்கு வந்தது. இன்றைக்கும் நம் ஊர்க் கடைகளில் தொங்கும் சங்கிலிகளில் ஆரெகன் என்ற பெயரைப் பார்க்கலாம். அது அவர் ஆரம்பித்த கம்பெனியின் வாரிசு. மற்ற கம்பெனிகளின் சங்கிலிகளும் ஏறக்குறைய இதே வடிவம்தான்.

இதில் வாங்குகிறவர்களுக்கு ஒரு பாடம் இருக்கிறது. நல்ல கூர் உள்ள சங்கிலி மரத்தைச் சீவல் சீவலாகத் தள்ளும். மழுங்கிப்போனால் மாவு போலத் தூள் கொட்டும். தூள் கொட்ட ஆரம்பித்ததும் மெஷினைப் போட்டு அழுத்தாமல் அரத்தை எடுக்க வேண்டும். அழுத்தினால் போவது இன்ஜின்.

துப்பாக்கிக் கம்பெனியும் பாலம் வாங்கியவரும்

ஸ்டீலுக்கு நேர் போட்டி ஹஸ்க்வர்னா. இதன் கதை இன்னும் சுவாரசியம். 1689இல் சுவீடன் நாட்டு ராஜாவுக்குத் துப்பாக்கி செய்யத் தொடங்கிய ஆலை அது. நம் ஊர்க் கணக்கில் சொன்னால், செஞ்சிக் கோட்டையில் ராஜாராம் சத்ரபதி வந்து தங்கிய அதே காலகட்டம்! துப்பாக்கிக்குத் தேவை குறைந்ததும் 1872இல் தையல் மெஷின், 1896இல் சைக்கிள், 1903இல் மோட்டார் சைக்கிள் என்று மாறி, 1959இல் செயின் ஷாவுக்கு வந்தது. ஸ்டீலின் கான்ட்ரா வந்த அதே வருடம். 1978இல் எலக்ட்ரோலக்ஸ் கைக்குப் போய், 2006இல் மறுபடி தனிக் கம்பெனியானது. துல்லியமாகக் குழாய் கடையத் தெரிந்தவனுக்கு சிலிண்டர் கடைவது கஷ்டமா என்ன?

மூன்றாவது பெயர் அமெரிக்காவின் மெக்கல்லக். 1949இல் 25 பவுண்டு எடையில் (11 கிலோ சொச்சம்) இவர்கள் கொண்டுவந்த ஒற்றையாள் மெஷின் அமெரிக்காவில் சக்கைப்போடு போட்டது. அந்தக் கம்பெனியின் முதலாளி ராபர்ட் மெக்கல்லக் 1968இல் என்ன செய்தார் தெரியுமா? லண்டன் நகராட்சி விற்பனைக்குப் போட்டிருந்த பழைய லண்டன் பாலத்தை 24 லட்சத்து 60 ஆயிரம் டாலருக்கு வாங்கினார். கல் கல்லாகப் பிரித்துக் கப்பலில் ஏற்றி அரிசோனா பாலைவனத்தில் கொண்டுபோய்க் கட்டினார். 1971இல் திறப்பு விழா. பாலம் இன்றைக்கும் அங்கே நிற்கிறது, கம்பெனி நிற்கவில்லை. 1999இல் திவாலாகி, ஐரோப்பிய வியாபாரமும் பெயரும் ஹஸ்க்வர்னா பக்கம் போயின. கார்ப்பரேட் அக்கவுண்டிங் பாடத்தில் குட்வில் என்று படிக்கிறோமே, அது இதுதான். ஸ்டிக்கர் அதே பெயரோடு இருக்கும், உள்ளே செய்தவர் வேறு. மெஷின் வாங்கும்போது பெயரைப் பார்த்து மயங்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

வெள்ளை விரல்கள்

மெஷின் எடை குறைந்து வேகம் கூடியதும் புது ஆபத்துகள் வந்தன. முதலாவது அதிர்வு. வருடக்கணக்கில் அதிர்கிற கைப்பிடியைப் பிடித்தவர்களுக்கு விரல் நுனிகளில் ரத்த ஓட்டம் குறைந்து வெளுத்துப் போகும், மரத்துப் போகும். "வெள்ளை விரல்" நோய் என்றே பெயர். 1960களில் குளிர் நாட்டுக் காட்டுத் தொழிலாளர்களிடம் இது பெரிய பிரச்சினையாகப் பேசப்பட்டது. அதன் பிறகே இன்ஜினுக்கும் கைப்பிடிக்கும் நடுவே ரப்பரும் ஸ்பிரிங்கும் வைத்து அதிர்வைத் தடுக்கும் மெஷின்கள் வந்தன.

இரண்டாவது ஆபத்து இன்னும் மோசம். சங்கிலி ஓடும் தகட்டுக்கு கைடு பார் என்று பெயர். அதன் நுனியின் மேல்பாதி எதிலாவது இடித்தால், சங்கிலி அங்கே கடித்து நின்றுவிடும். நொடிக்கு ஏறக்குறைய 20 மீட்டர், அதாவது மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிய சக்தி எங்கே போகும்? மொத்த மெஷினும் அறுப்பவரின் முகத்தையும் தோளையும் நோக்கி எகிறும். கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும். இதற்காக 1970களின் தொடக்கத்தில் ஸ்டீலும் ஹஸ்க்வர்னாவும் செயின் பிரேக் கொண்டுவந்தன. முன் கைப்பிடிக்கு முன்னால் கைக்காவல் போல ஒரு பிளாஸ்டிக் தடுப்பு இருக்கிறதே, அது வெறும் காவல் இல்லை. மெஷின் எகிறும்போது கை அதில் பட்டால், அல்லது நல்ல மெஷின்களில் எகிறும் வேகத்திலேயே, உள்ளே இருக்கும் இரும்புப் பட்டை இறுகிச் சங்கிலி சட்டென்று நிற்கும்.

புயலில் சாய்ந்த மரத்தில் இந்த ஆபத்து இரட்டிப்பு. நிற்கிற மரம் எந்தப் பக்கம் விழும் என்று ஓரளவு சொல்லலாம். விழுந்து கிடக்கும் மரமோ வில் போல வளைந்து முறுக்கேறிக் கிடக்கும். தப்பான பக்கத்தில் ரம்பத்தை வைத்தால் ஒன்று மெஷினைக் கவ்விக்கொள்ளும், இல்லாவிட்டால் கிளை விசிறி அடிக்கும்.

நம்ம ஊருக்கு எது பொருந்தும்?

நெய்வேலிக்காரர்களுக்கு வெளிநாட்டு மெஷின் புதிதல்ல. 1957இல் நேரு தொடங்கி வைத்த சுரங்கத்தில் 1961இல் நிலக்கரி வெளிப்பட்டது. அதை எடுக்க மேற்கு ஜெர்மனியிலிருந்து ராட்சத சக்கர மெஷின்கள் வந்தன. சக்கரத்தைச் சுற்றி வாளிகள், வாளிகளில் பற்கள். யோசித்துப் பாருங்கள், அதுவும் ஒருவகை ரம்பம்தான்! ஆனால் நிலக்கரிக்கு மேலே கிடந்த கடலூர் மணற்பாறை லேசுப்பட்டதல்ல. பற்கள் மளமளவென்று தேய்ந்தன. மெஷினை ஜெர்மனியிலிருந்து கொண்டுவரலாம், தேயும் பல்லை ஒவ்வொரு தடவையும் அங்கிருந்து கொண்டுவர முடியுமா? பல் மாற்றுவதும் ரிப்பேர் பார்ப்பதும் இங்கேயே நடந்ததால்தான் சுரங்கம் ஓடியது. செயின் ஷாவுக்கும் இதே விதிதான்.

எங்கள் பக்கத்து மரங்களுக்கும் தனிக் குணம் உண்டு. பலாவை அறுத்தால் பால் வடிந்து சங்கிலியில் பிசின் போல ஒட்டும். ஆயில் சரியாக வராத மெஷின் அங்கேயே சூடாகித் திணறும். பலா சும்மா விறகும் இல்லை. தஞ்சாவூர் வீணைக்கும் மிருதங்கத்துக்கும் பலாக்கட்டைதான், அதிலும் பண்ருட்டிப் பலாவுக்கு வீணை செய்பவர்களிடம் தனி மரியாதை. செயின் ஷா ஒரு தடவை ஓடினால் ஏறக்குறைய 8 மி.மீ. மரம் தூளாகப் போகும். வீணைக்குப் போகும் கட்டையைத் துண்டு போடலாம், பலகை அறுக்க மரவாடிதான் சரி. சவுக்கும் தைல மரமும் ஒல்லி, அவற்றுக்குப் பெரிய மெஷின் தண்டம். முந்திரி கோணல் மாணலாக வளரும், குனிந்து நுழைந்து அறுக்க வேண்டும், நுனி இடிக்கும் ஆபத்து அதிகம். ஆக, எங்களுக்குத் தேவை லேசான, பிரேக் வேலை செய்கிற, ஆயில் ஒழுங்காக வருகிற மெஷின்.

சட்டத்தையும் மறக்கக் கூடாது. நீலகிரி கூடலூர்க் காட்டுக்காக கோதவர்மன் திருமுல்பாடு தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம், அரசு ஒப்புதல் பெற்ற திட்டம் இல்லாமல் எந்தக் காட்டிலும் மரம் வெட்டக் கூடாது என்று உத்தரவிட்டது. (கூடலூருக்கும் எங்கள் கடலூருக்கும் ஓரெழுத்துதான் வித்தியாசம், காடு மட்டும் அங்கே.) பிலிப்பைன்ஸ் 2002இல் செயின் ஷாவுக்கென்றே தனிச் சட்டம் போட்டு, துப்பாக்கி மாதிரி மெஷினையும் பதிவு செய்யச் சொன்னது. இலங்கையில் 2019இல் அப்போதைய அதிபர் சிறிசேன இந்த மெஷின் இறக்குமதியையே நிறுத்தப்போவதாக அறிவித்தார். ஒரு ரம்பத்தைக் கண்டு அரசாங்கங்கள் பயப்படுகின்றன என்றால் அதன் வேகம் அப்படி. 1867இல் வள்ளலார் வடலூரில் மூட்டிய தருமசாலை அடுப்பு அணையாமல் எரிந்துகொண்டிருக்கிறது. அதற்கான விறகைக் கோடாலியால் பிளந்த காலத்தில் ஒரு மரத்தை வெட்டுமுன் மனிதனுக்கு யோசிக்க அவகாசம் இருந்தது. இப்போது கயிற்றை இழுத்தால் போதும்.

மாமாவின் நோட்டு

இனி கணக்கு. மாமா முதலில் வாங்கியது பெயர் தெரியாத மெஷின். 58 சிசி என்று ஸ்டிக்கர், விலை 9,500 ரூபாய். (இந்த சிசி விஷயத்தில் ஒரு டிப்ஸ்: சிலிண்டர் விட்டமும் பிஸ்டன் ஓட்டமும் கேட்டு வாங்கி நீங்களே பெருக்கிப் பாருங்கள். 45.2 மி.மீ. விட்டம், 34 மி.மீ. ஓட்டம் என்றால் வருவது 54.6 சிசிதான், 58 இல்லை.) மாமா படிப்பு ஏழாவது என்றாலும் வரவு செலவை விடாமல் எழுதுகிற ஆள். அந்த நோட்டிலிருந்து 16 மாதக் கணக்கு:

மெஷின் விலை 9,500.
கார்புரேட்டர், ஸ்டார்ட்டர், ஸ்ப்ராக்கெட், சங்கிலிகள் 8,400.
ரிப்பேருக்காக வேலைக்குப் போகாத நாட்கள் 31. நாளுக்குக் கையில் நிற்பது 800 என்று வைத்தால் 24,800.
மொத்தம் 42,700.

இந்த 24,800ஐ மாமா நோட்டில் எழுதவே இல்லை. "அதான் வேலைக்கே போகலியே, அது எப்படிடா செலவாகும்?" என்று கேட்டார். வாய்ப்புச் செலவு என்று எங்கள் பேராசிரியர் ஒரு செமஸ்டர் முழுக்கச் சொன்னது எனக்கே அந்த நிமிடம்தான் உறைத்தது. வேலை பார்த்தது 190 நாள். ஆக ஒரு வேலை நாளுக்கு மெஷினின் செலவு ஏறக்குறைய 225 ரூபாய்.

பெயருள்ள கம்பெனியின் நடுத்தர மெஷினுக்கு எங்களிடம் சொன்ன விலை 28,000. நான்கு வருடம், வருடத்துக்கு 150 நாள், மொத்தம் 600 நாள் ஓடும் என்று வைத்தேன். சர்வீஸும் உதிரியும் வருடத்துக்கு 5,000 வீதம் 20,000. வருடத்துக்கு 10 நாள் வேலை கெடும் என்றே வைத்தாலும் 32,000. மொத்தம் 80,000. நாளுக்கு 133 ரூபாய் சொச்சம். மூன்று மடங்கு விலை கொடுத்து வாங்கும் மெஷின்தான் மலிவு!

ஆனால் நோட்டில் இன்னொரு பக்கம் இருந்தது. அதில் எழுதியிருந்தது "ஆஸ்பத்திரி 18,000" என்று மட்டும். போன ஐப்பசியில் ஒரு முந்திரி மரத்துக்குள் குனிந்து அறுத்தபோது நுனி இடித்து மெஷின் எகிறியது. பிரேக் தடுப்பில் கை பட்டது, சங்கிலி நிற்கவில்லை. பிறகு மெக்கானிக் பிரித்துப் பார்த்தபோது உள்ளே பட்டை இறுகும் நிலையிலேயே இல்லை. வெளியே பிரேக் மாதிரி இருந்தது, அவ்வளவுதான். இடது தோளில் பதினோரு தையல். அரை சாண் தள்ளியிருந்தால் கழுத்து. அத்தை அன்றைக்கு அந்த மெஷினைக் கிணற்றுக்குள் போடச் சொன்னார். இன்றைக்கும் மெஷின் பேச்சை எடுத்தால் எழுந்து உள்ளே போய்விடுவார். இந்தப் பக்கத்தை எந்தக் கணக்கில் சேர்ப்பது? தேய்மானமா, நட்டமா? எனக்குத் தெரியவில்லை.

என் முடிவு

ஸ்டீலா, ஹஸ்க்வர்னாவா என்று டீக்கடையில் சண்டை போடுகிறார்கள். வரலாற்றைப் படித்த பிறகு எனக்குத் தோன்றியது இதுதான். இரண்டும் நல்ல மெஷின், ஒன்றைப் பார்த்து ஒன்று திருந்தி வந்தவை. மகிட்டாவும் சோடையில்லை. தேர்வு பெயரில் இல்லை. மாமாவுக்கு எழுதிக் கொடுத்த பட்டியலை உங்களுக்கும் தருகிறேன்.

1. கடையிலேயே மெஷினை ஸ்டார்ட் செய்து, பிரேக்கைத் தட்டிச் சங்கிலி உடனே நிற்கிறதா என்று பாருங்கள். நிற்காவிட்டால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.
2. பஸ் ஏறி ஒரு மணி நேரத்தில் போய்வரும் தூரத்தில் சர்வீஸும் உதிரியும் இருக்க வேண்டும்.
3. 35, 45 சிசி போதும். கைடு பார் 16, 18 அங்குலம். பெரிய புளியமரத்துக்கு வாடகைக்குப் பெரிய மெஷின் எடுத்துக்கொள்ளலாம்.
4. பெட்ரோலில் எவ்வளவு ஆயில் என்று கையேட்டைப் பாருங்கள். 50க்கு 1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி, 25க்கு 1 என்றால் 40 மில்லி. கண் மதிப்பில் ஊற்றாதீர்கள்.
5. இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பல கம்பெனிகள் 10 சதவீதத்துக்கு மேல் வேண்டாம் என்கின்றன. கடையில் கேளுங்கள். மிச்சமான பெட்ரோலை டாங்கில் விட்டுவைக்காதீர்கள், ஈரம் இழுத்து கார்புரேட்டரைக் கெடுக்கும்.
6. பில் இல்லாமல் வாங்காதீர்கள். பிரபலப் பெயரில் போலிகள் உலவுகின்றன. விலை பாதி என்றால் மெஷினும் பாதிதான்.
7. ஹெல்மெட், கண்ணாடி, கனமான ஷூ. இவற்றின் விலையையும் மெஷின் விலையோடு கூட்டி எழுதுங்கள்.

கடைசியில் கம்பெனியை நான் தேர்ந்தெடுக்கவில்லை. இரண்டு கடைக்குப் போனோம். முதல் கடைக்காரர் குதிரைத்திறனைப் பற்றி அரை மணி பேசினார். இரண்டாவது கடைக்காரர் மாமாவின் தோள் தழும்பைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் மெஷினின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி, பிரேக் பட்டை எப்படி இறுகுகிறது என்று காட்டினார். பிறகு அரத்தை எடுத்து, மாமா கையில் கொடுத்து, ஒரு பல்லை எத்தனை கோணத்தில் ராவ வேண்டும் என்று கற்றுக்கொடுத்தார். அங்கேயே வாங்கினோம்.

வீட்டுக்கு வந்ததும் மாமா முதலில் அத்தையைக் கூப்பிட்டு, மெஷினைத் தரையில் வைத்து ஸ்டார்ட் செய்து, பிரேக்கைத் தட்டிக் காட்டினார். சங்கிலி நின்றது. அத்தை ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் எழுந்து உள்ளே போகவில்லை. இன்னொரு தடவை தட்டச் சொன்னார்.

தாத்தாவின் கொல்லையில் தானேக்குப் பிறகு நட்ட முந்திரிகள் இப்போது காய்க்கின்றன. பட்ட கிளைகளைக் கழிக்கத்தான் புது மெஷினின் முதல் வேலை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானும் போகிறேன், ஹெல்மெட்டோடு. :-)

உங்கள் வீட்டிலோ ஊரிலோ மெஷின் வைத்திருப்பவர்கள் இருந்தால் இன்றைக்கே ஒரு தடவை அந்த பிரேக்கைத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். இந்தக் கட்டுரை எழுதியதற்கு அது போதும்.